நீதிபதி பிராங்க் ஜான்சன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் என்றதும் மார்ட்டின் லூதர் கிங்கும் ரோசா பார்க்ஸும் நினைவுக்கு வருவார்கள். வரவேண்டியவர்கள்தான். ஆனால் அலபாமா மாநிலத் தலைநகரான மான்ட்கோமரியின் பஸ்களில் கறுப்பர்களுக்குத் தனி இருக்கை என்ற சட்டம் செத்ததும், செல்மா என்ற ஊரிலிருந்து புறப்பட்ட நடைப்பயணம் அந்தத் தலைநகர் போய்ச் சேர்ந்ததும் ஒரு நீதிமன்ற அறையின் வழியாகத்தான் நடந்தன. அந்த அறையில் 24 ஆண்டுகள் விசாரணை நீதிபதியாக அமர்ந்திருந்தவர் பிராங்க் எம். ஜான்சன். அவருடைய பணிவாழ்வைப் பற்றி என்னிடம் நண்பர்களும் சட்ட மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

யார் இந்த பிராங்க் ஜான்சன்?

1918 அக்டோபர் 30-ஆம் தேதி அலபாமா மாநிலத்தின் வடக்கே, வின்ஸ்டன் கவுண்டி என்ற நிர்வாகப் பகுதியில் பிறந்தவர். மேட்டு நிலம், சிறு விவசாயிகள், அடிமைகளை வைத்திருந்தவர்கள் மிகக் குறைவு. 1861-இல் அலபாமா அமெரிக்க ஒன்றியத்தைவிட்டுப் பிரிந்தபோது அந்தப் பகுதி மக்கள் அதை எதிர்த்தார்கள். 'வின்ஸ்டன் சுதந்திர நாடு' என்ற பட்டப்பெயர் அதனால் வந்தது. தெற்கு முழுவதும் ஜனநாயகக் கட்சியின் கோட்டையாக இருந்த காலத்தில் இவர்கள் குடும்பம் குடியரசுக் கட்சிக் குடும்பம். சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் ஒன்றைச் சொல்லும்போது தனித்து நிற்பது அவருக்குப் பிறந்த மண்ணிலேயே பழகிய காரியம்.

டஸ்கலூசாவில் உள்ள அலபாமா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து 1943-இல் தேறினார். உடனே ராணுவம். நார்மண்டியில் இறங்கிப் போரிட்டுக் காயம்பட்டார். திரும்பி வந்து ஜாஸ்பர் என்ற சிற்றூரில் வக்கீல் தொழில். 1953-இல் வடக்கு அலபாமாவுக்கு மத்திய அரசு வழக்கறிஞரானார். அந்தப் பதவியில் இருந்தபோது, கறுப்பினக் கூலியாட்களைக் கொத்தடிமைகளாக வைத்திருந்த பண்ணையார்கள்மேல் வழக்கு நடத்தித் தண்டனை வாங்கித் தந்தார். 1955-இல் அதிபர் ஐசனோவர் அவரை அலபாமா நடு மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றத்தின் நீதிபதியாக நியமித்தார். வயது 37. 1979 வரை அங்கே. அதன்பின் மேல்முறையீட்டு நீதிமன்றம். 1999 ஜூலை 23 அன்று மறைவு.

கூட்டாட்சி 'மாவட்ட நீதிமன்றம்' என்றால் நம் ஊர் மாவட்ட நீதிமன்றம் போன்றதா?

பெயர்தான் ஒன்று. அமெரிக்காவில் மாநில நீதிமன்றங்கள் ஒரு வரிசை, கூட்டாட்சி நீதிமன்றங்கள் வேறொரு வரிசை. கூட்டாட்சி வரிசையின் முதல் படிதான் மாவட்ட நீதிமன்றம். சாட்சி கூண்டேறுவதும், குறுக்கு விசாரணை நடப்பதும், குற்றவாளியா இல்லையா என்று சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரி உட்காருவதும் அங்கேதான். மேலே உள்ள நீதிமன்றங்கள் காகிதத்தைப் படிக்கும். மாவட்ட நீதிபதி மனிதர்களின் முகத்தைப் பார்ப்பார். அவர் பதிவுசெய்யும் உண்மைகளை மேல் நீதிமன்றம் எளிதில் மாற்றாது. ஜான்சனின் பலமே அதில்தான் இருந்தது என்று நினைக்கிறேன். பெரிய தத்துவம் எதையும் அவர் பேசவில்லை. நடந்தது என்ன என்பதை யாரும் மறுக்க முடியாதபடி எழுதிவைத்தார்.

இன்னொரு வேறுபாடும் முக்கியம். அலபாமாவின் மாநில நீதிபதிகள் தேர்தலில் நின்று வாக்கு வாங்க வேண்டியவர்கள். கூட்டாட்சி நீதிபதியை அதிபர் நியமிக்கிறார், செனட் ஒப்புதல் தருகிறது. பதவி ஆயுள் முழுமைக்கும். சம்பளத்தைக்கூடக் குறைக்க முடியாது. இந்தப் பாதுகாப்பு இல்லாமல் கீழே சொல்லப்போகிற எதுவும் நடந்திருக்காது.

மான்ட்கோமரி பஸ் வழக்கில் அவருடைய பங்கு என்ன?

அவர் பதவியேற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை, 1955 டிசம்பர் 1 அன்று பஸ் இருக்கையைவிட்டு எழ மறுத்த ரோசா பார்க்ஸ் கைதானார். பஸ் புறக்கணிப்பு தொடங்கியது. ஆனால் சட்டத்தை வீழ்த்திய வழக்கில் ரோசா பார்க்ஸ் மனுதாரர் இல்லை. இது பலருக்கும் தெரியாத செய்தி. வழக்கறிஞர் பிரெட் கிரே வேறு நான்கு பெண்களை வைத்து வழக்குத் தொடுத்தார்: ஆரேலியா பிரவுடர், சூசி மெக்டொனால்ட், மேரி லூயிஸ் ஸ்மித், கிளாடெட் கால்வின். கால்வின், ரோசா பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே, 15 வயதில், இருக்கையைவிட்டு எழ மறுத்துக் கைதானவர்.

ஒரு மாநிலத்தின் சட்டம் அரசமைப்புக்கு விரோதமானது என்று வாதிட்டால் அந்நாளில் மூன்று நீதிபதிகள் சேர்ந்து விசாரிப்பார்கள். ரிச்சர்ட் ரைவ்ஸ், சீபோர்ன் லின், ஜான்சன் ஆகிய மூவரும் 1956 மே 11 அன்று சாட்சிகளைக் கேட்டார்கள். புறக்கணிப்பை யாரோ வெளியாட்கள் தூண்டிவிட்டதாகக் காட்டுவது நகராட்சியின் நோக்கம். உங்கள் தலைவர் யார் என்று நகராட்சி வக்கீல் கால்வினைக் கேட்டார். எங்களுக்குத் தலைவர் நாங்களேதான் என்றாள் அந்தச் சிறுமி. அந்தக் கேள்விக்கு அதற்குமேல் போக இடமில்லாமல் போயிற்று.

விசாரணை முடிந்து மூவரும் அறைக்குள் போனதும், வழக்கப்படி இளையவரின் கருத்தை ரைவ்ஸ் முதலில் கேட்டார். பொது வசதிகளில் அரசே நிறம் பிரிப்பது அரசமைப்புக்கு எதிரானது, மனுதாரர்கள் பக்கம் தீர்ப்பளிக்கிறேன் என்றார் ஜான்சன். ரைவ்ஸ் உடன்பட்டார். லின் ஒத்துக்கொள்ளவில்லை. பள்ளிகளில் நிறப்பிரிவினை கூடாது என்ற 1954-ஆம் ஆண்டுத் தீர்ப்பை உச்சநீதிமன்றம் பஸ்களுக்கு நீட்டவில்லை. ரயிலில் நிறம் பிரித்து உட்காரவைப்பது செல்லும் என்று 1896-இல் சொன்ன பழைய தீர்ப்பு இன்னும் ரத்தாகவில்லை. கீழ் நீதிமன்றம் முந்திக்கொள்ளலாமா என்பது அவர் கேள்வி. அதைத் தள்ளிவிட முடியாது, சட்டப்படி அது கௌரவமான கேள்விதான். ஆனால் பள்ளியில் தவறு என்றால் பஸ்ஸில் எப்படிச் சரியாகும் என்று ஜான்சனும் ரைவ்ஸும் கேட்டதற்கு விடை இல்லை. ஜூன் 5-இல் தீர்ப்பு. நவம்பர் 13-இல் உச்சநீதிமன்றம் அதை உறுதிசெய்தது. டிசம்பர் 21 காலையில் கறுப்பின மக்கள் விரும்பிய இருக்கையில் உட்கார்ந்து பயணம் செய்தார்கள்.

நிறப்பிரிவினைக்காக நின்ற அலபாமா ஆளுநர் ஜார்ஜ் வாலஸும் அவரும் நண்பர்கள் என்பது உண்மையா?

சட்டக்கல்லூரித் தோழர்கள். குடும்ப அளவில் பழகியவர்கள். அதனால்தான் பின்னால் வந்த பகை அத்தனை ஆழமாக இருந்தது.

1958 கடைசியில் வாலஸ் மாநில நீதிபதியாக இருந்தார். கறுப்பினத்தவரை வாக்காளராகப் பதிவுசெய்யாமல் தடுக்கிறார்களா என்று ஆராய வந்த மத்திய ஆணையத்துக்கு, பதிவேடுகளைத் தர மாட்டேன் என்று மேடை மேடையாக முழங்கினார். தரும்படி ஜான்சன் ஆணையிட்டார். மறுத்தால் நீதிமன்ற அவமதிப்பு, சிறை. அப்போது ஒருநாள் இரவு வாலஸ் யாருக்கும் தெரியாமல் ஜான்சனின் வீட்டுக்கு வந்தார். கொஞ்ச நாள் சிறைவாசம் அரசியலில் தனக்கு உதவும், நீண்ட நாள் என்றால் தாங்காது என்பது அவர் கணக்கு. ஜான்சன் வளைந்துகொடுக்கவில்லை. ஆணையை மீறினால் முழுத் தண்டனைதான் என்றார்.

வாலஸ் பதிவேடுகளை நேரே தராமல், உள்ளூர் ஜூரிகளிடம் ஒப்படைத்து, அவர்கள் வழியாக ஆணையத்துக்குப் போகவிட்டார். வெளியில் மட்டும் எதிர்த்து நிற்பதாக வேஷம். 1959 ஜனவரியில் ஜான்சன் தீர்ப்பு எழுதினார்: பதிவேடுகள் வந்து சேர்ந்துவிட்டன, ஆகவே அவமதிப்புக் குற்றம் இல்லை, ஆனால் அவை சூழ்ச்சியான வழியில் வந்து சேர்ந்தன. விடுதலைத் தீர்ப்புதான். ஆனால் வீரன் என்று ஊருக்குக் காட்டிக்கொண்டவர் உள்ளுக்குள் பணிந்துபோன கதை அதில் நிரந்தரமாகப் பதிவாகிவிட்டது. வாலஸ் அதை மறக்கவில்லை. 1962 தேர்தலில் ஜான்சனைப் பொய்யர், துரோகி என்று ஊர் ஊராகத் திட்டித்தான் ஆளுநரானார்.

செல்மா வழக்கில் என்ன நடந்தது?

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிக் கதைதான் எல்லாருக்கும் தெரியும்.

செல்மா நகரம் இருந்த கவுண்டியில் வாக்களிக்கும் வயதுள்ள கறுப்பினத்தவர் சுமார் 15,000 பேர். வாக்காளர் பட்டியலில் இடம்பெற்றவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான். 1965 மார்ச் 7, ஞாயிற்றுக்கிழமை, சுமார் 600 பேர் வாக்குரிமை கேட்டு மான்ட்கோமரியை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். எட்மண்ட் பெட்டஸ் பாலத்தைக் கடந்ததும் மாநிலப் போலீஸ் தடியாலும் கண்ணீர்ப்புகையாலும் குதிரைகளாலும் தாக்கியது. முன்னின்று நடந்த ஜான் லூயிஸின் மண்டை உடைந்தது. அமெலியா பாய்ன்டன் நினைவிழந்து விழுந்தார்.

மறுநாளே போராட்டக்காரர்கள் ஜான்சனிடம் வந்தார்கள். 9-ஆம் தேதி மறுபடி நடக்கப்போகிறோம், ஆளுநரைத் தடுத்து ஆணையிடுங்கள் என்றார்கள். எதிர்த்தரப்பைக் கேட்காமல் ஆணையிட முடியாது என்றதோடு, விசாரணை முடியும்வரை நடைப்பயணத்துக்கே தடை விதித்தார். 9-ஆம் தேதி மார்ட்டின் லூதர் கிங் அந்தப் பாலம்வரை போய், மண்டியிட்டுப் பிரார்த்தித்துத் திரும்பியதன் பின்னணி இதுதான். கோபப்பட்டவர்கள் நிறையப் பேர். தலையில் கட்டுப் போட்டிருப்பவர்களிடம் பொறுங்கள் என்று சொல்வது கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சில நாள் விசாரணையில்தான் வழக்கு அசைக்க முடியாததாக ஆயிற்று.

சாட்சிகள் வரிசையாக வந்தார்கள். தொலைக்காட்சி நிறுவனம் எடுத்த படச்சுருளை நீதிமன்றத்தில் போட்டுக்காட்டினார்கள். சில நிமிடப் படம். விளக்கு எரிந்தபோது ஜான்சன் எழுந்தார், வெறுப்போடு தலையை அசைத்தார், ஒரு வார்த்தை பேசாமல் தன் அறைக்குள் போய்விட்டார். அங்கிருந்த கறுப்பின வழக்கறிஞர்களுக்குத் தீர்ப்பு என்னவென்று அப்போதே தெரிந்துவிட்டது.

ஆனாலும் அவர் அவசரப்படவில்லை. எத்தனை பேர் நடப்பார்கள், இரவில் எங்கே தங்குவார்கள், சாப்பாடு எப்படி, கழிப்பிடம் எப்படி என்று முழுத் திட்டத்தையும் எழுத்தில் கேட்டு வாங்கினார். மார்ச் 17 தீர்ப்பின் உயிரான வரிகளைத் தமிழில் சொன்னால்: அமைதியாகக் கூடி நெடுஞ்சாலையில் நடக்கும் உரிமை எவ்வளவு என்பது, எந்த அநீதியை எதிர்த்து நடக்கிறார்களோ அந்த அநீதியின் அளவுக்கு ஈடாக இருக்க வேண்டும், இந்த வழக்கில் அநீதி மிகப் பெரியது. நெடுஞ்சாலை இரண்டு தடமாகக் குறுகும் பகுதியில் 300 பேர் மட்டுமே நடக்கலாம் என்ற கட்டுப்பாட்டையும் அதே தீர்ப்பில் விதித்தார். மாநில அரசு அவர்களுக்குப் பாதுகாப்புத் தர வேண்டும் என்றார். செலவுக்குப் பணமில்லை என்று வாலஸ் கைவிரித்ததும், அதிபர் லிண்டன் ஜான்சன் அலபாமா தேசியக் காவல்படையை மத்திய அரசின் கீழ் கொண்டுவந்தார்.

மார்ச் 21-இல் புறப்பட்டு 25-இல் மான்ட்கோமரி சேர்ந்தபோது கூட்டம் 25,000. வாக்குரிமைச் சட்டம் ஆகஸ்ட் 6-இல் கையெழுத்தானது.

அந்த நடைப்பயணத்துக்குப் பின் நடந்த கொலை வழக்கையும் அவர்தான் விசாரித்தாரா?

ஆம். நடைப்பயணம் முடிந்த அன்றிரவு, போராட்டக்காரர்களைத் தன் காரில் கொண்டுவிட்டுக்கொண்டிருந்த வயோலா லியூசோ என்ற வெள்ளைக்காரப் பெண்ணை, ஐந்து பிள்ளைகளின் தாயை, கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் ஆட்கள் சுட்டுக் கொன்றார்கள். மாநில நீதிமன்றத்தில் முதல் ஜூரி முடிவுக்கு வரவில்லை. இரண்டாவது ஜூரி விடுதலை செய்தது. கொலைக் குற்றம் மாநிலத்தின் அதிகாரத்தில் இருந்ததால், மத்திய அரசு 1870-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தேடி எடுத்து, குடிமக்களின் உரிமையைப் பறிக்கச் சதி செய்தார்கள் என்று மூவர்மேல் வழக்குப் போட்டது.

1965 டிசம்பர். ஜூரியில் அனைவரும் வெள்ளையர். முடிவெடுக்க முடியவில்லை என்று சொல்லி வந்தார்கள். போதிய நேரம் நீங்கள் யோசிக்கவில்லை என்று சொல்லி ஜான்சன் அவர்களைத் திருப்பி அனுப்பினார். மூவரும் குற்றவாளிகள் என்ற முடிவோடு வந்தார்கள். சட்டம் அனுமதித்த உச்ச தண்டனையான பத்தாண்டுச் சிறையை விதித்தார்.

அப்படியானால் அவர் எப்போதும் கறுப்பினத்தவருக்குச் சாதகமாகத்தான் தீர்ப்பளித்தாரா?

இல்லை. அப்படிச் சொல்வது அவரைச் சின்னவராக்கிவிடும்.

டஸ்கீகி நகரின் எல்லையை மாநிலச் சட்டமன்றம் 1957-இல் மாற்றி வரைந்தது. சதுரமாக இருந்த ஊர் 28 பக்கமுள்ள விநோத உருவமானது. சுமார் 400 கறுப்பின வாக்காளர்களில் நான்கைந்து பேர் தவிர எல்லாரும் ஊருக்கு வெளியே போனார்கள். வழக்கு ஜான்சனிடம் வந்தது. நகர எல்லையை வரையும் அதிகாரம் மாநிலத்துடையது, தலையிட எனக்கு அதிகாரமில்லை என்று தள்ளுபடி செய்தார். 1960-இல் உச்சநீதிமன்றம் ஒருமனதாக அதைத் திருத்தியது. இந்த வழக்கில் அவர் தவறினார் என்பதே என் எண்ணம். கணக்கு கண்முன் இருந்தும் பழைய தீர்ப்புகளின் கயிற்றுக்குக் கட்டுப்பட்டார்.

1961-இல் நிறப்பிரிவினையை எதிர்த்துப் பஸ்களில் பயணம் வந்த 'சுதந்திரப் பயணிகளை' மான்ட்கோமரி கிரேஹவுண்ட் பஸ் நிலையத்தில் கும்பல் அடித்து நொறுக்கியபோது, கிளானுக்குத் தடை விதித்தார்; பாதுகாப்புத் தராத நகரப் போலீசையும் கண்டித்து ஆணையிட்டார். அதே கையால் பயணங்களை நடத்தியவர்களுக்கும் தற்காலிகத் தடை போட்டார். அதற்காக அவரைக் குறைசொன்னவர்கள் உண்டு. இருந்தும் நீதி என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் தந்தவர் என்று கிங் அவரைப் பற்றிச் சொன்னார்.

பள்ளிகள்?

டஸ்கீகி இருக்கும் மேக்கன் கவுண்டியில், வெள்ளையர் பள்ளியில் கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்ப்பதற்காக 1963-இல் தொடங்கிய ஒரு வழக்கு. பள்ளியைத் திறக்கவிடாமல் வாலஸ் போலீசை அனுப்பியது, மாநில அரசே பள்ளிகளை ஆட்டிவைக்கிறது என்பதற்கு அத்தாட்சியாகிவிட்டது. மாநிலம்தான் செய்கிறது என்றால் மாநிலம் முழுவதற்கும் ஆணையிடலாமே! 1967 மார்ச் 22 அன்று ஜான்சன் உள்ளிட்ட மூன்று நீதிபதிகள் 99 பள்ளி நிர்வாகங்களுக்கு ஒரே ஆணையில் நிறப்பிரிவினையை ஒழிக்க உத்தரவிட்டார்கள். வாலஸ் தன் கையாலேயே அதற்கு வழி செய்து கொடுத்தார்.

அவருக்கும் குடும்பத்துக்கும் என்ன நேர்ந்தது?

1956-லேயே வீட்டு முற்றத்தில் சிலுவையைக் கொளுத்தினார்கள். மிரட்டல் கடிதங்களும் இரவுத் தொலைபேசி அழைப்புகளும் நிற்கவில்லை. மத்திய அரசுக் காவலர்கள் பல ஆண்டுகள் வீட்டைக் காத்தார்கள். ஊர்ப் பெரிய மனிதர்கள் விருந்துக்கு அழைப்பதை நிறுத்திக்கொண்டார்கள். மனைவி ரூத்தும் அவரும் அதோடு வாழப் பழகினார்கள். அவர் மீன்பிடிக்கப் போனார், பட்டறையில் மரத்தை இழைத்து ஆளுயரக் கடிகாரங்கள் செய்தார்.

1967 ஏப்ரல் 25 இரவு, பள்ளித் தீர்ப்பு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, மான்ட்கோமரியில் அவருடைய தாயார் வீட்டில் குண்டு வெடித்தது. தந்தைக்கும் மகனுக்கும் ஒரே பெயர். தொலைபேசிப் புத்தகத்தில் தந்தையின் பெயரைப் பார்த்து, நீதிபதியின் வீடு என்று நினைத்து வைத்திருக்க வேண்டும். உள்ளே இருந்த தாயாருக்குக் காயமில்லை. 1975-இல் ஜான்சன், ரூத் தம்பதியின் ஒரே மகன் இளம் வயதில் இறந்துபோனார். அந்தத் துயரத்தைப் பற்றி நான் எழுத ஒன்றுமில்லை. சில மாதங்களில் ஜான்சன் எழுதிய சிறைத் தீர்ப்பை மட்டும் அந்த நினைவில்லாமல் என்னால் படிக்க முடிவதில்லை.

மனநல மருத்துவமனை, சிறை வழக்குகள் ஏன் முக்கியம் என்கிறார்கள்?

என்னைக் கேட்டால் அவருடைய பணிவாழ்வில் செல்மாவுக்கு நிகரானவை இவைதான். மேடையோ கூட்டமோ கேமராவோ இல்லாத இடங்கள்.

1970-இல் அலபாமா அரசு சிகரெட் வரி வருமானம் குறைந்ததைக் காரணம் காட்டி, டஸ்கலூசாவின் பிரைஸ் மனநல மருத்துவமனையில் சுமார் நூறு ஊழியர்களை நீக்கியது. ஊழியர்கள் வழக்குப் போட்டார்கள். கூடவே ரிக்கி வயாட் என்ற 15 வயது நோயாளியையும் மனுதாரராகச் சேர்த்தார்கள். அங்கே 5,000-க்கும் மேற்பட்டவர்கள் அடைக்கப்பட்டிருந்தார்கள். ஒருவருக்கு ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு 50 சென்ட். வேலை போன வழக்காக வந்ததை ஜான்சன் நோயாளிகளின் வழக்காகப் பார்த்தார். 1971 மார்ச்சில் அவர் சொன்னது: குணப்படுத்துகிறோம் என்று சொல்லி ஒருவருடைய சுதந்திரத்தைப் பறித்துவிட்டு, பிறகு சிகிச்சையே தராமல் விடுவது அரசமைப்பின் அடிப்படையையே மீறுவது. குற்றம் செய்யாமல் பூட்டப்பட்ட மனிதனுக்குச் சிகிச்சை பெறும் உரிமை உண்டு என்று ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் சட்டமாக்கியது இப்படித்தான்.

அரசுக்கு அவகாசம் கொடுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. 1972-இல் குறைந்தபட்சத் தரங்களைத் தானே எழுதினார். ஓர் அறையில் ஆறு பேருக்குமேல் கூடாது. ஆளுக்கு 80 சதுர அடி. எட்டுப் பேருக்கு ஒரு கழிப்பறை. வெந்நீர் 110 டிகிரி பாரன்ஹீட். நீதிபதிக்கு ஏன் குழாய்த் தண்ணீரின் சூடு என்று கேலி செய்தார்கள். தண்ணீர் கொதித்தாலும் தள்ளிப்போகத் தெரியாத நோயாளிகள் அங்கே இருந்தார்கள் என்பதை நினைத்தால் கேலி நின்றுவிடும்.

1976 ஜனவரி 13-இல் சிறைகளைப் பற்றிய தீர்ப்பு. தண்டனைக் கொட்டடியை அவர் விவரிக்கும் பத்தியை ஒருமுறை படித்தால் மறக்காது. நான்கடிக்கு எட்டடி. கட்டில் இல்லை, விளக்கு இல்லை, தண்ணீர் இல்லை. தரையில் ஒரு ஓட்டை, அதுதான் கழிப்பிடம். அதில் தண்ணீர் விடும் பிடி வெளியே காவலர் கையில். அதற்குள் ஆறு பேர்வரை. பொதுச் சுகாதார அதிகாரியே மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று சாட்சி சொன்னார். அடைக்க இடமில்லாத சிறைகளில் புதிய கைதிகளைச் சேர்க்கக் கூடாது என்று உத்தரவிட்டார் ஜான்சன்.

நீதிபதி மாநிலத்தையே ஆளப் பார்க்கிறார் என்பது அன்றும் இன்றும் சொல்லப்படும் எதிர்ப்பு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஒரு தனி மனிதர் மருத்துவமனைக்கு அறை அளவு எழுதித் தருவது இயல்பான ஏற்பாடு அல்ல. ஆனால் ஒவ்வொரு முறையும் அவர் முதலில் அரசிடம்தான் கேட்டார், காத்திருந்தார். செய்ய வேண்டியவர்கள் கைகட்டி நின்றபிறகுதான் பேனாவை எடுத்தார்.

பெண்கள் உரிமையில்?

1966-இல், பெண்களை ஜூரியில் சேர்க்காத அலபாமா சட்டத்தை ரத்துசெய்த அமர்வில் இருந்தார். 1972-இல் மான்ட்கோமரி விமானப்படைத் தளத்தைச் சேர்ந்த ஷாரன் பிரான்டியரோ என்ற பெண் அதிகாரி, ஆண் அதிகாரிகளின் மனைவிகளுக்குத் தானாகக் கிடைக்கும் சலுகை தன் கணவருக்கு ஏன் இல்லை என்று கேட்ட வழக்கில், மூவரில் இருவர் மறுத்தார்கள். ஜான்சன் மாறுபட்டு எழுதினார். மறு ஆண்டு உச்சநீதிமன்றம் 8-க்கு 1 என்று அந்த அதிகாரியின் பக்கம் நின்றது. பின்னாளில் உச்சநீதிமன்ற நீதிபதியான ரூத் பேடர் கின்ஸ்பர்க் அங்கே முதன்முதலாக வாதாடிய வழக்கும் இதுவே.

எஃப்.பி.ஐ. தலைவராகும் வாய்ப்பு வந்ததாமே?

1977-இல் அதிபர் கார்ட்டர் அவர் பெயரை முன்மொழிந்தார். ரத்தக்குழாய் வீக்கத்துக்கு அறுவை சிகிச்சை தேவைப்பட்டு, உடல்நிலை தேறாததால் விலகிக்கொண்டார். 1979-இல் தெற்கு மாநிலங்கள் சிலவற்றுக்கான ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கும், அது பிரிந்தபின் 1981-இல் பதினொன்றாம் வட்டத்துக்கும் போனார். 1995-இல் அதிபரின் சுதந்திரப் பதக்கம் கிடைத்தது. மான்ட்கோமரி நீதிமன்றக் கட்டடத்துக்கு இப்போது அவர் பெயர்தான். சுதந்திரப் பயணிகள் அடிபட்ட கிரேஹவுண்ட் நிலையம் அதை ஒட்டியே இருக்கிறது, அருங்காட்சியகமாக.

மாவட்ட நீதிமன்றத்தில் அவர் விட்டுப்போன இடத்துக்கு யார் வந்தார்?

மைரன் தாம்சன். 1980-இல் கார்ட்டர் நியமித்த கறுப்பின நீதிபதி. பிறந்த ஊர் டஸ்கீகி. 28 பக்கமாக வெட்டப்பட்ட அதே ஊர். ஜான்சன் 1970-இல் விசாரணைக்கு எடுத்த மனநல மருத்துவமனை வழக்கு, 33 ஆண்டுகளுக்குப் பிறகு, 2003 டிசம்பரில் மைரன் தாம்சனின் கையெழுத்தோடு முடிந்தது.